நம் முற்றத்துத் துலுக்கச் செவ்வந்தி

உண்ணவும் உடுக்கவும் உதவாத ஒன்றுக்காக மனிதன் நாள்தோறும் நீர் சுமக்கிறான் என்றால், அது பூஞ்செடிக்காகவே இருக்கும். காய்கறிப் பாத்தி இடுவோனை ஏனென்று கேட்பாரில்லை. பூஞ்செடி வைப்போனோ கண்டு மகிழவும், முகர்ந்து மகிழவும், அண்டை வீட்டாருக்குக் கொடுத்து மகிழவுமே பாடுபடுகிறான். இம்மகிழ்ச்சியை மார்க்கம் வீணென்று தள்ளவில்லை. ஒருவர் நறுமணச் செடியை நீட்டும்போது அதை மறுக்கலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

நம் இல்லம் ஓசூரின் பழைய பகுதியில் உள்ளது. முற்றம் பெரிதன்று. நான்கு பேர் தோளோடு தோள் நின்று தொழும் அகலமும், ஆறு வரிசை அமையும் நீளமுமே அதற்குண்டு. அதிலும் பாதியைக் கிணறும் துணி துவைக்கும் கல்லும் எடுத்துக்கொண்டன. எஞ்சிய பாதியில் குண்டு மல்லி இரண்டு, பன்னீர் ரோஜா மூன்று, செம்பருத்தி ஒன்று, திருநீற்றுப்பச்சை ஒரு கொத்து, சுவரோரமாகச் செவ்வந்தி ஒரு வரிசை. இவ்வளவே நம் தோட்டம்.

கோடையின் கடைசி நாட்கள்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். மலைச்சரிவுக்குக் கீழேயுள்ள கிருஷ்ணகிரியில் வெயில் தீய்க்கும் வேளையிலும் இங்கே விடியற்காலைக் காற்றில் ஒரு தண்மை இருக்கும். சித்திரை கழிந்து வைகாசி பிறந்துவிட்டால் பிற்பகலில் மேகம் திரளும். சில நாள் இடியோடு மழை கொட்டும். சில நாள் மண்வாசனையை மட்டும் எழுப்பிவிட்டுப் போய்விடும். தெருவோரத்துக் குல்மொஹர் மரங்கள் இலை தெரியாமல் சிவந்து நிற்பதும் இந்நாட்களில்தான்.

கோடையின் இக்கடைசி வாரங்களே தோட்டக்காரனுக்கு இன்பமான காலம் என்பது நம் அனுபவம். பங்குனி, சித்திரையில் செடியைச் சாகாமல் காப்பதே வேலையாயிருக்கும். வைகாசியில் செடி நன்றி செலுத்தத் தொடங்குகிறது. பஜ்ருத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து திரும்புகையில், திருநீற்றுப்பச்சையின் மேல் நம் ஆடை உரசினாலே போதும். அம்மணம் நண்பகல்வரை கூட வரும். அஸருக்குப் பின் மல்லிகை மொட்டுகளைப் பறித்தாக வேண்டும். மலர்ந்தபின் பறித்தால் தொடுக்க வாகாது. நம் இல்லத்தரசியார் திண்ணையில் அமர்ந்து வாழைநாரில் அவற்றைத் தொடுப்பார். முதல் சரம் அடுத்த வீட்டு ரெட்டியார் மகளுக்கு, இரண்டாவது எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டிக்கு, மூன்றாவதே நம் பெண்மக்களுக்கு. இம்முறை நம் அன்னையார் காலத்தில் ஏற்பட்டது. இன்றுவரை மாறவில்லை.

இவ்வளவு அமைதியான ஓரிடத்திலிருந்து ஒரு வினா எழுந்து, நம்மைப் பல நாள் நூல்களைப் புரட்டச் செய்தது. அதைக் கூறவே இக்கட்டுரை.

மாணவன் கேட்ட கேள்வி

நாம் பாடம் சொல்லும் மதரஸாவின் முன்புறத்திலும் சிறு பூம்பாத்திகள் உண்டு. மாணவர்களே அவற்றைப் பேணுகின்றனர். சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு நாள், ஒரு பாத்தியிலிருந்த செவ்வந்திக் கன்றுகள் யாவும் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடக்கக் கண்டோம். ஆடு மேய்ந்திருக்கும் என எண்ணினோம். விசாரித்தபோது, பகலில் பள்ளிக்கூடம் சென்று மாலையில் நம்மிடம் ஓத வரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தானே பிடுங்கியதாக முன்வந்து ஒப்புக்கொண்டான்.

காரணம் கேட்டோம். அவன் சொன்னது இது. கடைத்தெருவில் பூ விற்கும் மூதாட்டி ஒருவர் அவனுடைய தோழர்கள் சூழ்ந்திருக்கையில், "துலுக்கச் செவ்வந்தி ரெண்டு முழம் இருக்குது, வாங்கிக்க தம்பி" என்று கூவியிருக்கிறார். உடனிருந்த பையன்கள் சிரித்தனராம். அவர்களுள் ஒருவன், "உங்கள் பூதான், நீங்களும் அதுவும் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே" என்றானாம்.

சிறுவன் கண்களைத் தாழ்த்தியபடி கேட்டான்: "ஹஜ்ரத், இந்தப் பூ வெளியிலிருந்து வந்ததா? நாமும் அப்படித்தானா?"

"இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் கூற நா எழுந்தது. ஆயினும் பூவைப் பற்றிய செய்தி நமக்குச் சரியாகத் தெரியாது. தெரியாததை உறுதியாகச் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று. ஒரு வாரம் தவணை கேட்டோம்.

பெயர் வந்த வழி

தேடிப் பார்த்ததில் நாம் கண்டது வியப்பளித்தது. துலுக்கச் செவ்வந்தி துருக்கியில் பிறந்ததன்று. அரபு நாட்டதும் அன்று. அதன் தாயகம் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலுள்ள மெக்சிகோ. அந்நாட்டுத் தொல்குடியினர் அதனை இருபது இதழ்ப் பூ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் மாத விழாவில் இன்றும் மெக்சிகோ மக்கள் கல்லறைகளை இப்பூவால் நிறைக்கின்றனர். ஸ்பானியர் 1521இல் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னரே இதன் விதை கடல் கடந்தது. நம் நாட்டுக்கு இது ஐரோப்பியர் கப்பல்களின் வழியே வந்து சேர்ந்தது. 1526இல் இந்தியாவில் ஆட்சியை நிறுவிய பாபர், தாம் இங்கே கண்ட செம்பருத்தி, அரளி, தாழை, மல்லிகை ஆகியவற்றைத் தம் வரலாற்று நூலில் ஆர்வத்துடன் குறித்து வைத்துள்ளார். செவ்வந்தியைப் போன்ற இப்பூ அப்பட்டியலில் இல்லை.

அப்படியாயின் துலுக்கர் பெயர் இதற்கு ஏன் வந்தது? பழைய செவ்வந்தியைப் போலத் தோன்றி, ஆனால் அதனின் வேறாய், புதிதாய் வந்த பூவுக்கு ஓர் அடைமொழி தேவைப்பட்டது. துருக்கர் என்ற சொல்லே துலுக்கர் எனத் திரிந்தது. வெளியிலிருந்து வந்தது எதுவாயினும் அதை அப்பெயரோடு சேர்த்துச் சொல்வது மக்கள் வழக்காயிருந்தது போலும்.

இதில் தமிழரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. ஆங்கிலேயர் இதே பூவை ஆப்பிரிக்கச் செவ்வந்தி என்கின்றனர். பிரெஞ்சுக்காரர் இந்திய ரோஜா என்கின்றனர். மெக்சிகோவில் பிறந்த ஒரு பூ, தமிழனுக்குத் துருக்கியதாகவும், ஆங்கிலேயனுக்கு ஆப்பிரிக்கத்ததாகவும், பிரெஞ்சுக்காரனுக்கு இந்தியாவினதாகவும் ஆயிற்று. வான்கோழியின் கதையும் இத்தகையதே. அதுவும் அமெரிக்கப் பறவை. ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் அழைக்க, துருக்கியரோ இந்தியாவின் பெயரால் அழைக்கின்றனர்.

அரபிகளும் இப்பிழைக்கு விலக்கல்லர். அரபு மொழியில் புளிக்குத் தம்ர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளிலும் புகுந்தது. ஆனால் புளிய மரத்தின் தொல்பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பது தாவர அறிஞர் கருத்து. அண்டையிலுள்ள ஆப்பிரிக்காவின் மரத்துக்கு இந்தியாவின் பெயரைச் சூட்டினர் அரபிகள். தமக்கு ஒரு பொருள் யார் கையால் வந்ததோ, அவர் பெயரை அதற்கு இடுவது மனித இயல்பு. பெயரைக் கொண்டு பிறப்பை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இவையெல்லாம் சான்று.

நம் ஓசூரிலோ வேறொரு நயம் உண்டு. இங்கே தமிழர் இதைச் செண்டுமல்லி என்றும் வழங்குவர். செண்டு என்பது பந்து. கன்னடத்தார் செண்டு ஹூவு என்பர், பொருள் அதுவே. தெலுங்கர் பந்திப்பூ என்பர். அதுவும் பந்தைக் குறித்ததே. உருது பேசுவோர் கேந்தா என்பர். அம்மொழியில் கேந்த் என்றால் பந்து. எல்லையோர ஊரின் நான்கு மொழியினரும், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே, பூவின் உருவைப் பார்த்து ஒரே பெயரைச் சூட்டியுள்ளனர். ஊர் கேட்டுப் பெயரிட்ட போது பிழை நேர்ந்தது. உருவைக் கண்டு பெயரிட்ட போது நால்வரும் ஒன்றுபட்டனர்.

முற்றத்தில் ஒரு கணக்கெடுப்பு

இதன்பின் நம் முற்றத்துச் செடிகளையெல்லாம் இதே கண்ணோடு நோக்கினோம்.

தமிழரின் பூ எதுவெனக் கேட்டால் மல்லிகை என்றே எவரும் கூறுவர். அது இம்மண்ணுக்குரியதே. ஆயினும் குண்டு மல்லிக்குத் தாவர அறிஞர் இட்ட பெயரில் ஸம்பக் என்னும் சொல் வருகிறது. அது ஸன்பக் என்ற அரபுச் சொல்லின் திரிபு. மல்லிகைக்கு ஐரோப்பிய மொழிகளிலுள்ள பெயரோ யாஸமீன் எனும் பாரசீக, அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. பூ நம்முடையது, உலகில் அதை அழைக்கும் பெயர் அரபிகளுடையது.

பன்னீர் ரோஜாவின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. செடி மேற்கிலிருந்து வந்தது; டமாஸ்கஸ் நகரின் பெயரால் அறியப்படும் ரோஜாக் குலத்தைச் சேர்ந்தது. பாரசீகத்தின் ஜூர் எனும் நகரம் பன்னீருக்குப் பெயர் பெற்றிருந்தது. அங்கே வடித்த பன்னீர் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றது. சிவந்த ரோஜாவை அரபிகள் இன்றும் வர்த் ஜூரி என அழைப்பது அந்நகரின் நினைவாகவே. ரோஜா என்ற பெயரையோ போர்த்துகீசியர் கொணர்ந்தனர் என்பர். ஆனால் பன்னீர் என்பது பனிநீர், தூய தமிழ். மலையாளத்தார் ரோஜாவையே பனிநீர்ப்பூ என்கின்றனர். குல்கந்து, அத்தர் ஆகியவற்றின் பெயர்களை மாற்றாமல் ஏற்ற நம் முன்னோர், ரோஜாவின் நீருக்கு மட்டும் தம் மொழியிலேயே ஒரு குளிர்ந்த பெயரைக் கண்டனர்.

திருநீற்றுப்பச்சையின் செய்தி இன்னும் இனியது. பெயரில் சைவ மணம் கமழும் இச்செடியே அரபு நாடுகள் பலவற்றில் ரைஹான் என வழங்கப்படுவது. திருமறையின் அர்ரஹ்மான், அல்வாகிஆ ஆகிய இரு அத்தியாயங்களில் நறுமணச் செடியைக் குறிக்கும் ரைஹான் என்ற சொல் வருகிறது. நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் சர்பத்தில் ஊறவைக்கும் சப்ஜா விதையும் இச்செடியினதே. ஒரே செடி, ஒரு வீட்டில் அதன் பெயர் திருநீற்றுப்பச்சை, மறு வீட்டில் ரைஹான். இரு வீட்டிலும் மணம் ஒன்றே.

தெருவோரத்துக் குல்மொஹர் மரம் மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. பெயரோ பாரசீகம்.

லால்பாக் சொல்லும் பாடம்

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூர் லால்பாக் உள்ளது. நம்மவரில் அங்கே செல்லாதார் அரியர். 1760இல் ஹைதர் அலி அதற்கு அடிகோலினார். மைந்தர் திப்பு சுல்தான் விரிவாக்கினார். வேற்று நாடுகளுக்குத் தூதர்களை அனுப்பிய போதெல்லாம் ஆயுதத்தோடும் கைவினைஞரோடும் விதைகளையும் கன்றுகளையும் வேண்டியவர் திப்பு. போர்க்களத்திலேயே வாழ்நாளைக் கழித்த இருவருக்கும் செடியின் மேல் இத்தனை பற்றிருந்தது.

திப்பு 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஷஹீதானார். அடுத்த ஆண்டின் மே மாதத்தில், அதாவது இதே கோடைக் கடைசியில், கம்பெனியாரின் ஆணைப்படி நாட்டைச் சுற்றி ஆராய வந்த பிரான்சிஸ் புகானன் பெங்களூர்த் தோட்டங்களைப் பார்வையிட்டார். சதுரச் சதுரமான பாத்திகள், நடுவே நடைபாதைகள், அவற்றின் ஓரங்களில் அழகிய சைப்ரஸ் மரங்கள் இருந்தமையை அவர் விவரிக்கிறார். ஒவ்வொரு வகைச் செடிக்கும் தனிப் பாத்தி ஒதுக்குவது முஸ்லிம்களின் முறையென்றும், ஒன்றில் ரோஜா மட்டுமே, மற்றொன்றில் மாதுளை மட்டுமே இருந்தன என்றும் குறிக்கிறார். தோட்டத்தின் தலைவர் மறைந்து ஓராண்டு ஆன பின்னும் அச்செடிகளுக்கு யாரோ நீர் இறைத்துக்கொண்டிருந்தனர். வரலாறு அவர்கள் பெயரைக் குறிக்கவில்லை.

பின்னர் அத்தோட்டம் பல கைகள் மாறி, 1856இல் அரசுத் தாவரவியல் பூங்காவாயிற்று. 1889இல் கண்ணாடி மாளிகைக்கு அடிக்கல் இடப்பட்டது. சுதந்திர நாளையும் குடியரசு நாளையும் ஒட்டி அங்கு நடைபெறும் மலர்க்காட்சிகளில் இன்று எல்லாச் சமயத்தாரும் திரள்கின்றனர். லால்பாக் எனும் பாரசீகப் பெயரை அவர்கள் கன்னடச் சொல் போலவே உச்சரிக்கின்றனர்.

தோட்டத்தைப் பிரிந்தவர் ஒருவர்

திப்புவை எதிர்த்து நின்றவரிடமும் இதே பற்று இருந்ததைக் கூறாமல் விடுவது நேர்மையன்று. 1792 உடன்படிக்கையால் கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய பாரமகால் பகுதி கம்பெனியார் வசமாயிற்று. அங்கே கேப்டன் ரீடின் உதவியாளராகப் பணியாற்றிய தாமஸ் மன்றோ, தர்மபுரியில் ஒரு தோட்டம் அமைத்தார். பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த அதே மன்றோதான். 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவரைக் கன்னடக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றினர். அவ்வேளையில் எழுதிய கடிதமொன்றில், தாம் உருவாக்கிய தோட்டத்தைப் பிரிவது நெடுநாள் நண்பரைக் கைவிடுவது போல் நெஞ்சை வருத்துவதாக அவர் குறிப்பிடுகிறார்.

போரில் தோற்றவர் தோட்டத்தை இழந்தார். வென்ற தரப்பினரும் அதே ஆண்டில் தம் தோட்டத்தை விட்டுப் பிரிந்தார். மன்றோ வெளியார்தாம், வரி வாங்க வந்தவர்தாம். ஆயினும் தர்மபுரி மண்ணில் ஏழாண்டுகள் கழித்தபின் அவர் நெஞ்சின் ஒரு பகுதி இங்கே வேர்விட்டதை மறுப்பதற்கில்லை.

வேர் என்பது இத்தகையது போலும். அது பிறந்த இடத்தில் மட்டுமன்றி, உழைத்த இடத்திலும் இறங்கும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியபின் ஓசூருக்கு எத்தனையோ மாவட்டத்தார், எத்தனையோ மாநிலத்தார் வந்து சேர்ந்தனர். பாகலூர், பேரிகைப் பக்கத்து உழவரும் அமுதகொண்டபள்ளி மலர்ப்பூங்காவினரும் வளர்க்கும் ரோஜாக்கள் பிப்ரவரி மாதத்தில் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன; அவற்றுள் புகழ்பெற்ற சிவப்பு வகையின் பெயர் தாஜ்மஹால். மேற்கிலிருந்து வந்த செடி இங்கே வளர்ந்து, வணிகர் இட்ட முகலாயப் பெயரோடு மீண்டும் கடல் கடக்கிறது. இவ்வூரில் யார் வெளியார் என்று பிரிக்கத் தொடங்கினால், முதலில் பூக்கடைகளைத்தான் மூட வேண்டிவரும்.

சிறுவனுக்குச் சொன்ன விடை

ஒரு வாரத்துக்குப்பின் அச்சிறுவனை அழைத்து இவையனைத்தையும் எளிய சொற்களில் கூறினோம். பூ வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அதை நாம் கொண்டுவரவில்லை என்றோம். நாம் எப்படி என்று அவன் கேட்ட இரண்டாம் வினாவுக்கும் உண்மையையே சொன்னோம். நம் முன்னோருள் மரக்கலமேறி வந்த அரபிகளும் உண்டு. இம்மண்ணிலேயே பிறந்து இம்மார்க்கத்தைத் தழுவியோர் அவரினும் மிகப் பலர். இருசாராரும் கலந்து நூற்றாண்டுகள் கழிந்தன. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கப் புகுந்தபோது, அங்கே தமிழ்நாட்டு ஆறுகளையும் வயல்களையும் சோலைகளையும் பாடினார். மக்காவை நினைக்கும் போதும் அவர் கண்முன் தமிழ் நிலமே நின்றது. அதற்கு மேலும் சான்று வேண்டுமா என்று கேட்டோம்.

சிறுவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அந்தப் பாட்டிக்கு இது தெரியுமா, ஹஜ்ரத்?" என்றான்.

"நீயே போய்ச் சொல்" என்றோம்.

மறுநாள் அவன் திரும்பி வந்தபோது கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. தம் பாட்டி அப்படிச் சொல்வார், அதனால் தாமும் சொல்வதாக அம்மூதாட்டி கூறினாராம். மெக்சிகோ என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதேயில்லையாம். பையனின் முகம் வாடியிருந்ததை அன்றே கவனித்ததாகவும் ஏனென்று தெரியாமற் போயிற்றென்றும் சொல்லி, விற்காமல் காய்ந்த மாலையிலிருந்து நான்கைந்து பூக்களை உதிர்த்துக் காசு வாங்காமல் கொடுத்தாராம்.

காய்ந்த பூவின் அடியில் கறுத்த ஊசி போன்ற விதைகள் இருந்தன. அவன் பிடுங்கிய அதே பாத்தியில் அவற்றைத் தூவச் செய்தோம். அன்று மாலையே மழை பெய்தது. ஒரு வாரத்தில் முளை கண்டது. செடி சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்று கற்றுக் கொடுத்தோம். கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் பெருகும். தான் ஆசையோடு வளர்த்ததைக் கிள்ள அவனுக்கு மனமில்லை. கிள்ளியபின் கிளைத்தது கண்டு வியந்தான். இராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி வயல்களில் காய்ப்புழுவை ஈர்த்துப் பயிரைக் காக்க இச்செடியை வரிசையாக நடுகின்றனர் என்பதையும் அப்போது சொன்னோம்.

ஆடி மாதத்தில் பாத்தி முழுவதும் பொன்னிறமாயிற்று. வழிப்போக்கர் ஒருவர் ஆயுத பூஜைக்கு வேண்டுமென்று கேட்டு, அதுவரை பூக்குமா என்றும் விசாரித்துச் சென்றார். முதலில் மலர்ந்த பூக்களைச் சிறுவன் பறித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினான். எவருக்கு என்று நாம் கேட்கவில்லை.

பாத்திகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி நடும் பொறுப்பு மாணவர்களுடையது. இப்பாத்திக்கு என்ன எழுதப் போகிறான் என்று காத்திருந்தோம். செண்டுமல்லி என்று எழுதுவான் என்றே எண்ணினோம். சிறிய தகரத்தில் வெள்ளை வண்ணத்தால் அவன் எழுதியிருந்தான்: துலுக்கச் செவ்வந்தி. அதன் கீழே சற்றுச் சிறிய எழுத்தில்: ஊர் மெக்சிகோ, இப்போது ஓசூர்.